சீட்டில் எழுதாத கேள்வி

தமிழ்நாட்டில் வயிற்று ஸ்கேன் எடுக்காத குடும்பம் இன்று அரிது. பீரோவிலோ, ரேஷன் கார்டு வைத்த பிளாஸ்டிக் பையிலோ ஒரு ரிப்போர்ட் மடித்துக் கிடக்கும். எடுத்துப் படித்துப் பாருங்கள். கல்லீரல், பித்தப்பை, மண்ணீரல், சிறுநீரகங்கள் என்று வரிசையாக வரும் பட்டியலில், கணையத்துக்கு நேரே பெரும்பாலும் ஒரே வாசகம்தான் இருக்கும்: தலையும் உடலும் இயல்பு, வால்பகுதி குடல் வாயுவால் மறைந்துள்ளது. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ‘இம்ப்ரெஷன்’. அங்கே கணையத்தைப் பற்றிய பேச்சே வராது. கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை என்றிருக்கும். அல்லது குறிப்பிடத்தக்க கோளாறு ஏதுமில்லை என்றிருக்கும். நோயாளி கடைசி வரியைத்தான் படிக்கிறார். புறநோயாளிகள் வரிசை வாசல் வரை நீண்டிருக்கும்போது மருத்துவரும் அதையேதான் படிக்கிறார். கண்ணுக்கே படாத ஓர் உறுப்பு, பார்த்துச் சரியென்று சொல்லப்பட்ட உறுப்பாகி வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது.

ஸ்கேன் செய்தவர் இதில் பொய் எதுவும் எழுதவில்லை. கணையம் கிடக்கும் இடம் அப்படி. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் மேல் சாய்ந்து, சுமார் 15 செ.மீ. நீளத்துக்குக் குறுக்காகக் கிடக்கிறது. தலை, முன்சிறுகுடலின் வளைவுக்குள். வால், இடப்பக்கம் மண்ணீரலுக்கு அருகே. முன்னால் இரைப்பையும் பெருங்குடலும், இரண்டிலும் காற்று. அல்ட்ராசவுண்டின் ஒலியலைகளால் காற்றைத் தாண்டிப் போக முடியாது. உடல் பருமன் சேர்ந்துகொண்டால் சிரமம் இரட்டிப்பு.

ஆனால், வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் வாயு குறைந்திருக்கும். இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கவைத்தால் நீர் நிறைந்த இரைப்பையே ஒலிக்கு வழிவிடும் சன்னலாகிவிடும். நோயாளியை உட்காரவைத்தும், ஒருக்களித்துப் படுக்கவைத்தும், கருவியின் முனையைக் கொஞ்சம் அழுத்தியும் பார்த்தால், மறைந்திருந்த பகுதி பலருக்குத் தெரிய வந்துவிடும். அனுபவம் உள்ள கதிரியக்க மருத்துவர் எல்லோருக்கும் இது தெரியும். இதற்கு வேண்டியது சில நிமிட நேரம். அந்த நேரத்தைச் செலவிட, இவருக்குக் கணையத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். அவர் கைக்கு வரும் சீட்டிலோ ‘வயிறு ஸ்கேன்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இருப்பதில்லை. எதற்காக அனுப்புகிறோம், எத்தனை நாள் வலி, எடை குறைந்ததா, குடிப்பழக்கம் உண்டா, எதைச் சந்தேகிக்கிறோம் என்று ஒரு வரிகூட இல்லை. நம் ஊர் வயிற்று நோய் மருத்துவத்தில் இப்போதைய பெரிய ஓட்டை இயந்திரத்தில் இல்லை, இந்தச் சீட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

வயிற்றுக்குள் பார்க்கும் கலையே ஒரு கேள்வியிலிருந்து பிறந்ததுதான். 1955இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக மகப்பேறு பேராசிரியர் இயன் டொனால்ட், அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் கார்களில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியால் சோதிக்கும் கருவி அங்கே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியையும் வைத்துப் பார்த்தார்கள். அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: உள்ளே இருப்பது நீரா, சதையா? நீர்க்கட்டி ஒரு விதமாகவும் சதைக்கட்டி வேறு விதமாகவும் எதிரொலித்தன. பிறகு பொறியாளர் டாம் பிரவுனோடும் மருத்துவர் ஜான் மக்விகாரோடும் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை 1958இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. வயிற்றில் முற்றிய புற்றுநோய், இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று கைவிடப்பட்டிருந்த ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது பெரிய சினைப்பை நீர்க்கட்டி என்று அந்தக் கருவி காட்டியது. அறுவை சிகிச்சையில் அதை எடுத்தார்கள், அவர் பிழைத்துக்கொண்டார். அந்தக் காலப் படத்தை இன்று பார்த்தால் மங்கலான சில வெள்ளைக் கீற்றுகள்தான். கேள்வி தெளிவாக இருந்ததால் அந்தக் கீற்றுகளே போதுமாக இருந்தன.

அப்போதும் கணையம் பிடிபடவில்லை. பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்து, முன்சிறுகுடலின் வளைவு அகன்றிருக்கிறதா, இரைப்பை முன்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அக்கம்பக்கத்தாரை விசாரித்து ஆளைப் பற்றித் தெரிந்துகொள்வது மாதிரிதான். 1971 அக்டோபரில் லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி ஒரு நோயாளியின் தலையை முதன்முதலாகச் சிடி ஸ்கேன் எடுத்தது. அதன் பிறகு சில ஆண்டுகளில் உடல் முழுவதையும் பார்க்கும் கருவிகள் வந்தபோதுதான் கணையம் நேரடியாகக் கண்ணில் பட்டது. இதற்காக 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டும், சிடிக்கான கணிதத்தை வகுத்த ஆலன் கார்மக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை கேரளத்தில் இருக்கிறது. டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ், மெலிந்த, ஏழை இளைஞர்களுக்கு வரும் விசித்திரமான ஒரு சர்க்கரை நோயைக் கவனித்தார். சிறுவயதில் அடிக்கடி வயிற்று வலி, வளரும் வயதில் சர்க்கரை. சாதாரண வயிற்று எக்ஸ்ரேவில், முதுகெலும்பின் இருபுறமும் கணையக் குழாய்க்குள் வெள்ளை வெள்ளையாகக் கற்கள். அத்தகைய நோயாளிகளை நூற்றுக்கணக்கில் சேர்த்து ஆராய்ந்து 1968இல் நூலாகவே வெளியிட்டார். மரவள்ளிக் கிழங்கின் மேல் அன்று விழுந்த பழி பிற்பாடு வலுவிழந்து, மரபணு மாற்றங்களின் பங்கு தெரியவந்தது. தமிழ்நாட்டிலும் வேலூர் சிஎம்சி மருத்துவர்களும், சென்னையில் சர்க்கரை நோய் மருத்துவர் வி. மோகன் குழுவினரும் இந்த நோயை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். சிடி, எம்ஆர்ஐ எதுவும் இல்லாத காலத்தில், மிக மலிவான ஒரு படத்தை வைத்து ஒரு நோயையே அடையாளம் காட்ட முடிந்தது. எந்த நோயாளிக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று கீவர்கீஸுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது சிடிக்கு வருவோம். ‘சிடி வயிறு’ என்று எழுதினால் போதும், எல்லாம் தெரிந்துவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். சிடி என்பது ஒரே பரிசோதனை இல்லை. சிறுநீரகக் கல்லுக்கு எடுப்பது மருந்து ஏற்றாத ஸ்கேன். அதில் கணையப் புற்றுக்கட்டி சுற்றியுள்ள திசுவோடு ஒன்றிப்போய்க் கிடக்கும். மனிதக் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. வழக்கமான வயிற்று சிடியில் கை நரம்பு வழியாக அயோடின் மருந்தை ஏற்றி ஏறத்தாழ 70 விநாடி கழித்துப் படம் எடுப்பார்கள். கல்லீரலைப் பார்க்க அது நல்ல நேரம். கணையத்துக்கு அது தாமதம். மருந்து ஏற்றிய 40 முதல் 45 விநாடிக்குள் கணையத் திசு பளிச்சென்று ஒளிரும்; ரத்த ஓட்டம் குறைந்த புற்றுக்கட்டி அப்போது மங்கலாகத் தனித்துத் தெரியும். அந்தக் கணத்தைத் தவறவிட்டால் வித்தியாசம் கரைந்துகொண்டே போகும். எனவே, கணையத்தில் சந்தேகம் இருந்தால் இரண்டு முறை, அந்த நேரக் கணக்கில், மூன்று மில்லிமீட்டருக்கு மிகாத மெல்லிய வெட்டுகளாக எடுக்க வேண்டும். குடிக்கக் கொடுப்பதும் வெள்ளையாகத் தெரியும் கரைசலாக இல்லாமல் வெறும் தண்ணீராக இருக்க வேண்டும். இத்தனையும் டெக்னீஷியன் பட்டனைத் தட்டுவதற்கு முன்பே முடிவாக வேண்டியவை. ‘வலியில்லாத மஞ்சள் காமாலை, கணையத் தலையில் சந்தேகம்’ என்று சீட்டில் ஒரு வரி இருந்தால் இவ்வளவும் தானாக நடக்கும். இல்லையென்றால் அதே இயந்திரம், அதே கட்டணம், அதே கதிர்வீச்சு. கட்டி மட்டும் தெரியாது.

இதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். கணையப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும்போது ஐந்தில் ஒருவருக்குத்தான் அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பிருக்கும். அமெரிக்காவில்கூட, எல்லா நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்தாண்டுகளைத் தாண்டுவோர் சுமார் 13 சதவீதம். யார் அந்த ஐந்தில் ஒருவர் என்பதைத் தீர்மானிப்பதே இந்த ஸ்கேன்தான். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியைக் கட்டி தொட்டிருக்கிறதா, அதன் சுற்றளவில் பாதிக்கு மேல் வளைத்துவிட்டதா என்று மில்லிமீட்டர் கணக்கில் பார்ப்பார்கள். மஞ்சள் காமாலையோடு வருபவருக்குப் பித்தக்குழாயில் முதலில் ஸ்டென்ட் வைத்துவிட்டுப் பிறகு ஸ்கேனுக்கு அனுப்பும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அவசரத் தொற்று இருந்தால் வேறு வழியில்லை. மற்றபடி அது தலைகீழ் வரிசை. ஸ்டென்டும், அதை வைத்ததால் வரும் வீக்கமும் சேர்ந்து, பார்க்க வேண்டிய இடத்தையே கலக்கிவிடும்.

திடீர்க் கணைய அழற்சியில் நேர் எதிரான தவறு நடக்கிறது. மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி, முதுகுக்குப் பாய்கிறது, முன்னால் குனிந்தால் கொஞ்சம் தேவலாம் என்று ஒருவர் நள்ளிரவில் வருகிறார். ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதி இயல்பைவிட மூன்று மடங்குக்கு மேல். 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாட்டின்படி, வலி, ரத்தப் பரிசோதனை, படம் ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினால் நோய் உறுதி. அதாவது இவருக்கு சிடி இல்லாமலே நோய் தெரிந்துவிட்டது. ஆனாலும் அன்றிரவே மருந்து ஏற்றி சிடி எடுத்துவிடுகிறார்கள். கணையத் திசு எந்த அளவுக்கு அழிந்திருக்கிறது என்பது முதல் இரண்டு நாளில் சரியாகத் தெரியாது. மூன்று, நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். முதல் நாள் படத்தைப் பார்த்து ‘லேசானதுதான்’ என்று உறவினர்கள் நிம்மதியடைவார்கள். நாலாம் நாள் நிலைமை மோசமாகி மறுபடியும் ஒரு சிடி. முதல் நாளில் உண்மையாகத் தேவைப்படுவது மலிவான அல்ட்ராசவுண்ட், அதுவும் பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க. காரணம் கல் என்றால் பித்தப்பையை எடுத்தால்தான் நோய் திரும்பாது. குடல் ஓட்டை, குடலுக்கு ரத்தம் நின்றுபோவது போன்ற சந்தேகம் இருந்தால் கதை வேறு. அப்போது சிடி உடனே வேண்டும். ஆக, ஒரே வலிக்கு சிடி வேண்டுமா, வேண்டாமா என்பதை வலி சொல்லாது. மருத்துவரின் சந்தேகம்தான் சொல்லும்.

தேவையற்ற சிடி என்றால் பணம் மட்டும் வீணாவதில்லை. ஒரு வயிற்று சிடியில் 8 முதல் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு உடலில் இறங்குகிறது. இயற்கையாக ஓராண்டில் மனிதர் பெறுவது உலகச் சராசரியில் 2.4. மருந்து ஏற்றாமல் ஒன்று, ஏற்றி இரண்டு, மூன்று என்று எல்லாக் கட்டங்களையும் எடுத்துவைத்துவிடுவோம் என்று போனால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். அறுபது வயதுப் புற்றுநோயாளிக்கு இது பொருட்டே இல்லை. வயிற்று வலியோடு வந்த இருபது வயதுப் பெண்ணுக்குப் பொருட்டு உண்டு.

சீட்டு வெறுமையாக இருப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த, யாரும் உரக்கப் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது: கமிஷன். அனுப்பும் நோயாளிக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்தால், எதற்கு அனுப்புகிறோம் என்று எழுத வேண்டிய அவசியம் போய்விடுகிறது. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் இதைத் தெளிவாகத் தடை செய்கின்றன. தடை ஏட்டில் இருக்கிறது. மருத்துவர்கள் எல்லோரும் இப்படி என்று சொன்னால் அது அநியாயம். ஆனால், இந்த வழக்கத்தால் நேர்மையான மருத்துவர் எழுதும் சீட்டின் மேலும் சந்தேக நிழல் விழுகிறது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு கர்ப்பிணிக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டுமானால் ‘எஃப் படிவம்’ நிரப்பியாக வேண்டும். அதில் எதற்காக இந்த ஸ்கேன் என்ற காரணத்தைக் குறித்தே தீர வேண்டும். படிவத்தில் பிழையிருந்தால் ஸ்கேன் சென்டருக்குச் சீல் வைக்கும் அளவுக்கு அதிகாரம் உண்டு. நாடு முழுதும் சின்னஞ்சிறு ஊர்களிலும் இது நடக்கிறது. காரணம் எழுதாமல் ஸ்கேன் இல்லை என்பதை நம்மால் நடைமுறைப்படுத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அதே அறையில், அதே இயந்திரத்தில், அடுத்துப் படுக்கும் வயிற்று வலிக்காரருக்கு மட்டும் காரணம் கேட்பாரில்லை.

காரணமே இல்லாமல் எடுக்கப்படும் ஸ்கேன்களும் உண்டு. முழு உடல் பரிசோதனை என்று தள்ளுபடி விலையில் ரத்தம், இசிஜி, எக்கோ, வயிற்று ஸ்கேன் எல்லாவற்றையும் பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். சில பொட்டலங்களில் கணையப் புற்றுக்கான சிஏ 19-9 ரத்தப் பரிசோதனையும் சேர்ந்திருக்கிறது. நோய்க் குறி இல்லாதவரிடம் அதைச் செய்வதால் வருவது பெரும்பாலும் வீண் பயம்தான். எந்த அறிகுறியும் இல்லாத பெரியவர்களுக்குக் கணையப் புற்றுநோய்ச் சோதனை செய்யக் கூடாது என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2019இல் மறுபடியும் உறுதியாகச் சொன்னது. வேறு எதற்கோ எடுத்த சிடியில் நூற்றில் இரண்டு மூன்று பேருக்குக் கணையத்தில் சிறு நீர்க்கட்டி தென்படுகிறது. எம்ஆர்ஐயில் இன்னும் அதிகம். வயது ஏற ஏற இன்னும் அதிகம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒரு தொந்தரவும் தராதவை. தெரிந்துவிட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? ஆறு மாதத்துக்கொருமுறை எம்ஆர்ஐ, தூக்கம் கெட்ட இரவுகள், பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்த பணத்தில் கை.

உடனே ஸ்டீவ் ஜாப்ஸைச் சொல்வார்கள். சொல்லட்டும், நியாயமான எதிர்வாதம்தான். 2003இல் சிறுநீரகத்தைப் பார்க்க எடுத்த சிடியில்தான் அவருடைய கணையக் கட்டி தற்செயலாகத் தெரிந்தது. வழக்கமான கணையப் புற்றைவிட மெதுவாக வளரும் அரிய வகை அது. ஆனால், கதையின் மீதியையும் சொல்ல வேண்டும்: அறுவை சிகிச்சைக்கு அவர் ஒன்பது மாதம் இணங்கவில்லை; 2004 ஜூலையில்தான் நடந்தது; 2011இல் இறந்தார். படம் எடுத்துக் கொடுத்த வாய்ப்பை, படத்துக்குப் பின்னால் நடக்கும் பேச்சுதான் காப்பாற்றவோ கைவிடவோ செய்கிறது.

எல்லோரையும் துழாவுவதை விட்டுவிட்டு, யாரைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்வது பலன் தரும். சர்க்கரை நோய்க்குப் பேர்போன நம் மாநிலத்துக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்கு மூன்றாண்டுக்குள் கணையப் புற்றுநோய் தெரியவருகிறது என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சுரேஷ் சாரி குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நூற்றில் ஒருவருக்காக மற்ற 99 பேருக்கும் சிடி எடுக்க முடியாது. பரம்பரையில் சர்க்கரை இல்லை, உடல் பருமன் இல்லை, சர்க்கரையும் வந்து எடையும் மளமளவென்று குறைகிறது என்றால் அந்த ஒருவர் கண்ணில் பட வேண்டும். நம் ஊரில் அவருக்கு என்ன சொல்வார்கள்? ‘சுகர் வந்தா இளைக்கத்தான் செய்யும்’ என்று மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பார்கள். அல்லது ஒரு வயிற்று ஸ்கேன். அதில் வால்பகுதி வாயுவால் மறைந்திருக்கும்.

செயற்கை நுண்ணறிவு என் வாதத்துக்கு எதிராக வந்து நிற்கிறது, மறைப்பானேன். 2023இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் அலிபாபா நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவினர் ‘பாண்டா’ என்ற மென்பொருளைப் பற்றி எழுதினார்கள். மருந்து ஏற்றாத சாதாரண சிடியிலேயே, மனிதக் கண்ணுக்குப் பிடிபடாத கணையக் கட்டியை அது கண்டுபிடிக்கிறது. 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் படங்களில் சோதித்தபோது, கட்டி உள்ளவர்களில் 92.9 சதவீதத்தினரை அது சரியாகச் சுட்டியது. இல்லாதவர்களுக்கு இருப்பதாகச் சொன்னது மிகமிகக் குறைவு. சிறுநீரகக் கல்லுக்கு எடுத்த படத்திலும் அது கணையத்தைப் பார்த்துவிடும். யாரும் கேள்வி கேட்கத் தேவையில்லை. உண்மையிலேயே மலைக்க வைக்கும் சாதனை. ஆனாலும் அது கொடியசைத்த பிறகு நோயாளியை அழைத்து, முறையான சிடி எடுத்து, எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டில் ஊசி வைத்துத் திசு எடுக்க ஓர் ஏற்பாடு வேண்டும். எங்கிருந்தோ வந்து படமெடுத்து, ஃபிலிம் உறையோடு பஸ் ஏறிவிட்டவரைத் திரும்பக் கூப்பிட நம்மிடம் போன் நம்பர்கூடச் சரியாக இருப்பதில்லை. கற்கள் படிந்து சுருங்கிய கணையங்கள் நிறைந்த தென்னிந்தியாவில் அந்த மென்பொருள் எதைக் கட்டி என்று நினைக்கும் என்பதையும் இங்கேயே சோதித்தாக வேண்டும்.

எனவே, அரசிடம் கேட்பதற்குப் புதிய இயந்திரங்களைவிட மலிவான சில விஷயங்கள் இருக்கின்றன. 1934இலேயே பர்னார்டு கதிரியக்க நிலையத்தைப் பெற்ற மருத்துவ நகரம் சென்னை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் சிடியும் எம்ஆர்ஐயும் கிடைக்க வழி செய்து பல ஆண்டுகளாகிறது. இயந்திரங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். இனி ஸ்கேன் சீட்டில் மூன்று கட்டாய வரிகளை அச்சிடட்டும்: நோய்க்குறி என்ன, எத்தனை நாளாக, எதைச் சந்தேகிக்கிறீர்கள். வெறுமையாக வரும் சீட்டை, உயிர் போகும் அவசரம் தவிர்த்து, திருப்பி அனுப்பும் உரிமை கதிரியக்க மருத்துவருக்கு வேண்டும். சரியாகத் தெரியாத உறுப்பை ‘இம்ப்ரெஷன்’ பகுதியிலேயே தெரியவில்லை என்று எழுதி, அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் சேர்க்க வேண்டும். படங்களை ஃபிலிமில் மட்டும் கொடுக்காமல் முழுத் தரவாகக் கொடுத்தால், மதுரையில் எடுத்ததைச் சென்னையில் மறுபடியும் எடுக்கும் கூத்து குறையும். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் வழங்க இந்த மூன்று வரிகளை நிபந்தனையாக்கினால், தனியார் மருத்துவமனைகளும் மறுவாரமே எழுதப் பழகிக்கொள்ளும்.

ஒரு நாளில் இருநூறு புறநோயாளிகளைப் பார்ப்பவருக்கு மூன்று வரி எழுத நேரம் ஏது என்று கேட்பார்கள். இருநூறு பேருக்கும் ஸ்கேன் எழுதுவதில்லையே. எழுதும் பத்துப் பதினைந்து பேருக்கு மூன்று வரி என்றால் அரைமணி நேரம்கூட ஆகாது. அந்த மூன்று வரியை எழுத உட்கார்ந்தால், பதினைந்தில் நான்கைந்து பேருக்கு ஸ்கேனே வேண்டாம் என்று தோன்றவும் கூடும். ஸ்கேன் அறையில் அந்த நேரம் மிச்சமாகும். வால்பகுதி தெரியாத அடுத்தவரை எழுப்பி, தண்ணீர் கொடுத்து, ஒருக்களிக்கவைத்துப் பார்க்க அது போதும்.